இடப்பக்கத்துப் பாரம்

பல் விளக்கும்போதுதான் எனக்குப் பெரிய முடிவுகள் வரும். அன்று காலை வந்த முடிவு இது: இனிமேல் என் பிக்கப் வண்டியில் என் மனைவி ஏறக் கூடாது.

முடிவை மனசுக்குள்தான் எடுத்தேன். வாயெல்லாம் நுரை. நுரை இல்லாவிட்டாலும் மனசுக்குள்தான் எடுத்திருப்பேன்; அது வேறு விஷயம்.

உடனே என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். என் நிலைமையைக் கேளுங்கள். இந்த வீட்டில் ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது அவள் முடிவு. விளக்கு எப்போது அணைய வேண்டும் என்பது எட்டு மாதப் பாப்பாவின் முடிவு. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதைக் கொசு முடிவு செய்கிறது. என் முறை வருவதற்குள் முடிவுகள் தீர்ந்துபோகின்றன. உலகத்திலேயே என் சொல்லுக்குக் கட்டுப்படுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: என் பிக்கப்பின் ஸ்டியரிங். வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகும். "எதுக்கு?" என்று கேட்காது.

அந்த ஒரு சாண் ராஜ்ஜியத்திலும் இப்போது ஆக்கிரமிப்பு.

எல்லாம் பாப்பாவால் வந்தது. பாப்பா தொட்டிலில் தூங்காது. தோளில் தூங்காது. நான் தாலாட்டுப் பாடினால், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடும். ஆனால் பிக்கப்பில் ஏற்றி வண்டி நகர்ந்தால் போதும், தெருமுனை திரும்புவதற்குள் கண் சொருகிவிடும். பழைய வண்டி. ஆட வேண்டியதெல்லாம் ஆடும்; ஆடக் கூடாததும் ஆடும். பாப்பாவுக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. அதனால் விடியற்காலையில் நான் கிளம்பும்போதெல்லாம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மனைவியும் இடப்பக்கம் ஏறிக்கொள்வாள்.

ஏறினால் பாப்பா தூங்கும். அவள் தூங்க மாட்டாள்.

"மெதுவா போங்க."

"மெதுவாத்தான் போறேன்."

"அப்ப பின்னாடி வர்றவன் ஏன் ஹாரன் அடிக்கிறான்? கொஞ்சம் வேகமா போங்க."

"இப்பதானே மெதுவான்னு—"

"பேசாதீங்க, பாப்பா தூங்குது."

இப்படித்தான் தினமும். போதாக்குறைக்கு அவளிடம் லைசென்ஸ் வேறு இருக்கிறது. முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். நான் எத்தனையாவது தடவையில் வாங்கினேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. "ஒரு நாள் சாவியைக் குடுங்களேன், கையெல்லாம் மறந்துபோகுது" என்பாள். "பழைய வண்டிம்மா. இதோட குணம் எனக்குத்தான் தெரியும்" என்பேன். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுச் சட்டையோடு சேர்த்துத் தட்டிப் பார்த்துக்கொள்வேன்.

ஆக, முடிவு எடுத்தாகிவிட்டது. அதை எப்படி நிறைவேற்றுவது என்பது மட்டும்தான் பாக்கி. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனேன். அவள் ஏற்கெனவே இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

முட்டைதான் எங்கள் தொழில். பண்ணையில் ஏற்றி, கடை கடையாக இறக்கி, மிச்சத்தைக் கடைசியில் பேக்கரியில் கொண்டுபோய்க் கொட்டுவோம். கொட்டுவோம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வதுதான். அன்றைக்கு வண்டி அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

பேக்கரி வாசலில் சின்னச் சரிவு. பிரேக்கை மிதித்தேன். கீச்சென்று ஒரு சத்தம், கூடவே இரும்பை இரும்பு கடிக்கிற மாதிரி இன்னொரு சத்தம். நான் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தேன். வண்டி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. பின்னால் இருந்த முட்டை அட்டைகளும் திரும்பிப் பார்த்தன. மேல் அட்டை குப்புற விழுந்தது.

பேக்கரிக்காரர் முழங்கை வரைக்கும் மாவோடு வெளியே வந்தார். பின்கதவின் வழியாக மஞ்சளாக வழிவதைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"தம்பி, நான் முட்டைதான் கேட்டேன். ஆம்லெட் கேக்கல."

"அண்ணே, வண்டி கொஞ்சம்..."

"வண்டி உன்னோடது. கேக் என்னோடது. இன்னொரு தடவை இப்படி வழிஞ்சுக்கிட்டு வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

அவர் சொன்னது விளையாட்டில்லை. எங்கள் முட்டையில் பாதிக்கு மேல் அந்தப் பேக்கரிக்குத்தான் போகிறது. மனைவி இறங்கி, உடையாததைத் துடைத்துப் பொறுக்கி வேறு அட்டையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு ஏறினாள். திரும்பும் வழி முழுக்க ஒரே பேச்சு.

"பிரேக்லதாங்க கோளாறு. அன்னைக்கே சத்தம் வருதுன்னு சொன்னேன்ல?"

"எந்தச் சத்தம்? நீ பேசினதுல எனக்குக் கேக்கல."

"இடப்பக்கத்து டயர்கிட்ட கருகுற வாடை வேற வருது. நம்ம அண்ணன்கிட்ட காட்டுவோமா?"

அவளுடைய அண்ணனுக்கு அடுத்த தெருவில் மெக்கானிக் கடை. கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. வண்டியை அங்கே விட்டால் வண்டியோடு சேர்த்து என்னையும் கழற்றிப் பரப்பிவிடுவார். அப்புறம் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் அதை மாட்டிக் காட்டுவார்.

"மச்சானை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

பார்க்கவும் செய்தேன். எனக்கும் வண்டி வேலை கொஞ்சம் தெரியும். வீட்டு வாசலில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, முன்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினேன். அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பிரேக் பேட்கள் ஒரு சக்கரத்துக்கு இரண்டு. வலது சக்கரத்தில் உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் ஒரே கனத்தில் இருந்தன, ஒரு குறையும் இல்லை. இடது சக்கரத்தைத் திறந்தால் வேறு கதை. உள்பக்கப் பேட் தேய்ந்து தேய்ந்து இரும்பே தெரிந்தது. அதன் ஜோடியான வெளிப்பக்கப் பேடோ நேற்றுக் கடையில் வாங்கினதுபோலக் கொழுகொழுவென்று இருந்தது.

காரணம் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறதே காலிப்பர் என்கிற இரும்புக் கவ்வி, அது பின் என்கிற இரண்டு சின்ன இரும்புக் கம்பிகளின் மேல் வழுக்கி நகர வேண்டும். நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சேர்ந்து பிடிக்கும், சேர்ந்து விடும். எங்கள் வண்டியில் மேல் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், பின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கவ்வி அசையவே இல்லை. அதனால் பிடிக்கிற வேலையெல்லாம் உள்பக்கப் பேடுக்கு. நான் பிரேக்கை விட்ட பிறகும் அது உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வெளிப்பக்கப் பேட் விருந்துக்கு வந்த மருமகன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. சூடு, கருகல் வாடை, வண்டி இடப்பக்கம் இழுத்தது, எல்லாம் இதனால்தான். பின்னை உருவி, துருவைத் தேய்த்து, கிரீஸ் போட்டு, புது உறை மாட்டினால் முடிந்தது.

அப்படிச் செய்துவிட்டு நல்ல மனுஷனாக இருந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் காலையில் பல் விளக்கிய இடத்திலிருந்து முடிவு எட்டிப் பார்த்தது.

இடது பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. இடது பக்கம் உட்காருவது யார்?

அடடா! என் மூளையை நானே முத்தமிட முடியாதே என்று வருத்தமாக இருந்தது. அவள் உட்காருகிற பாரத்தால்தான் இடது பேட் தேய்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் ஏறுவதை நிறுத்துவாள். நான் சத்தமில்லாமல் பின்னைச் சரி செய்துவிடுவேன். அதன்பிறகு பேட் தேயாது. "பாத்தியா? நீ ஏறல, பேட் தேயல!" என்று காட்டலாம். பொய்க்குச் சாட்சியாகப் பேடே வந்து நிற்கும். பாப்பாவின் தூக்கத்துக்கு என்ன வழி என்று கேட்கிறீர்களா? ஒரே நாளில் எல்லாவற்றையும் யோசிக்க முடியுமா?

ஒரே ஓர் இடைஞ்சல், அந்தக் கொழுத்த வெளிப்பக்கப் பேட். பாரம்தான் காரணம் என்றால் ஒரே சக்கரத்தில் ஒன்று தேய்ந்து ஒன்று ஏன் தேயவில்லை என்ற கேள்வி வரும். அதை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தேய்ந்த இடது பேடையும் தேயாத வலது பேடையும் பழைய செய்தித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குரல் கொடுத்தேன்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, எது போச்சு?"

"போனது இருக்கட்டும். ஏன் போச்சுன்னு கேளு. இது இடது, இது வலது. வித்தியாசம் தெரியுதா?"

"இது தேஞ்சிருக்கு."

"ஏன் இடது மட்டும் தேயணும்? இடது பக்கம் யாரு உக்காருறா?"

"நானும் பாப்பாவும்."

"அப்ப பாரம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"பாரம் இருக்குற பக்கத்துல பிரேக் அதிகமா வேலை செய்யும். அதிகமா வேலை செஞ்சா?"

"அதிகமா தேயும்."

"அவ்வளவுதான். நான் சொல்லலம்மா, விஞ்ஞானம் சொல்லுது."

அவள் குனிந்து இரண்டையும் பார்த்தாள். பாப்பாவும் பார்த்தது. எடுத்து வாயில் வைக்கக் கை நீட்டியது.

"ஏங்க, ஒரு சக்கரத்துக்கு ரெண்டு இருக்கும்ல? இடதோட இன்னொண்ணு எங்க?"

"அதுவா... அதுவும் இதே கதிதான். பாக்கச் சகிக்கல. தூக்கிப் போட்டுட்டேன்."

கால்சட்டை ஒரு பக்கமாகக் கீழே இழுத்தது. மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவையும் ஏற்றிவிட்டுக்கொண்டேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே ஓடியிருப்பான். நான் திண்ணென்று நின்று ரசித்தேன். கொஞ்ச நேரத்தில் கேட்காமலே டீ வந்தது. அதில் சர்க்கரையும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை என்றால் என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

குளித்தேன். வேறு துணி மாற்றினேன். புது பேட் செட் வாங்க சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். வாங்கிக்கொண்டு திரும்ப நேரமாகிவிட்டது.

வந்தால், பின்பக்கம் கொடியில் துணி காய்கிறது. அதில் என் கால்சட்டை, பைகள் இரண்டும் வெளியே தொங்க, தலைகீழாகக் காய்கிறது. காற்று பலமாக இருந்தது. துவைக்கிற கல்லின் மேல் பாப்பாவின் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவை பறக்காமல் இருக்க மேலே ஒரு கனம்.

கழுவித் துடைத்த பிரேக் பேட். கொழுகொழுவென்று.

சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. பேடைப் பற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். கேட்காமல் இருந்தால் வேர்க்கிறது. வேர்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

"வந்துட்டீங்களா? பேட் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"வெயில்ல போயிட்டு வந்தீங்கல்ல, அதான் வேர்க்குது. ஃபேனைப் போட்டுக்கோங்க."

பேடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபேனின் வேகத்தை நானே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வேறு. எனக்குப் பயம் கூடிவிட்டது.

"ஏங்க, நீங்க சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எதுக்கும் அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு..." என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"எதுக்கு இப்ப மச்சானை—"

"சொல்லும்மா" என்றது போன்.

"அண்ணா, வண்டியில இடப்பக்கம் ஆள் உக்காந்தா இடது பிரேக் மட்டும் தேயுமா?"

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்தது. ஸ்பேனராக இருக்கலாம், மச்சானாகவும் இருக்கலாம். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

"யாரு சொன்னா?"

"உங்க மாப்பிள்ளைதான்."

"மாப்பிள்ளையா?" மறுபடியும் இருமல். "மாப்பிள்ளை சொன்னா அதுல மாத்துக் கருத்தே இல்லம்மா. எங்களுக்கெல்லாம் ஸ்பேனர்தான் தெரியும். அவருக்கு விஞ்ஞானம் தெரியும். மாப்பிள்ளை, இருக்கீங்களா?"

"இருக்கேன் மச்சான்."

"பெருமையா இருக்கு மாப்பிள்ளை. இவ்வளவு நாளா இந்த வண்டிக்காரங்க எல்லாரும் பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு வந்து என்கிட்ட பேட் மாத்திட்டுப் போறாங்க. ஒருத்தனுக்கும் காரணம் தெரியல பாருங்க."

போன் வைக்கப்பட்டது. வைக்கும் முன்பே சிரிப்பு வெடித்ததை நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

"பாத்தீங்களா? அண்ணனே ஒத்துக்கிட்டார். அதனால நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்றாள்.

"வண்டியில ஏற வேண்டாம்னா?"

"இல்லைங்க. நான் ஏறாம பாப்பா எப்படித் தூங்கும்? இடது பக்கம் உக்காந்தாத்தானே இடது தேயுது? வலது பக்கம் உக்காந்துக்கிறேன்."

"வலது பக்கமா? அங்க ஸ்டியரிங் இருக்கு."

"ஆமாங்க. அதைப் பிடிக்காம உக்கார முடியாது. அதையும் பிடிச்சுக்கிறேன்."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன்.

"இரு இரு. அப்ப நான் இடப்பக்கம் வரணும். நான் உன்னைவிடக் கனம். இடது பேட் இன்னும் அதிகமால்ல தேயும்?"

"அதான் நல்ல சோதனை! நீங்க உக்காந்தும் இடது தேஞ்சா, குறை என்கிட்ட இல்லைன்னு தெரிஞ்சுடும். அப்புறம் நான் வண்டியில ஏறுறதுல தடையே இல்ல."

"தேயலைன்னா?"

"தேயலைன்னா நான் வலப்பக்கம் உக்காந்ததாலதான் சரியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் அந்த இடத்தை மாத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டுல எப்படி ஆனாலும் நீதான் ஓட்டுவியா?"

"நான் சொல்லலைங்க, விஞ்ஞானம் சொல்லுது."

பாப்பா கை தட்டியது. இப்போதுதான் கை தட்டப் பழகியிருக்கிறது. தட்டுவதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்கவில்லை போல.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லிப் பாருங்கள்: "அம்மா, இது பாரமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. பின் இறுகியிருக்கிறது. உன்னை வண்டியை விட்டு இறக்கத்தான் அந்தப் பேடைப் பையில் ஒளித்தேன்." இதைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் எனக்கு டீ வருமா? மச்சான் அதைச் சபை சபையாகச் சொல்லிச் சொல்லிப் பாப்பாவின் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோக மாட்டாரா? அதைவிட ஒரு முன்சக்கரத்தைக் கழற்றி என் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது சுலபம்.

சாப்பிட்டதும் அவள் பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். "பேடை மாட்டி வைங்க. காலையில நான் எடுக்குறேன்" என்றாள். சாவியைக் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வாசலில் ஜாக்கி மேல் நின்ற வண்டியின் முன்னால் குந்தினேன். புது பேட்களை வலது பக்கம் மாட்டிவிட்டேன். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. இப்போது கணக்கு வேறு. பின்னைச் சரி செய்தால் வண்டி நேராகப் போகும். ஸ்டியரிங் என்றென்றைக்கும் அவள் கைக்குப் போகும். சரி செய்யாமல் விட்டால்? காலையில் பேக்கரிச் சரிவில் வண்டி இடப்பக்கம் இழுக்கும். அவள் பயந்துபோய், "வேண்டாங்க, நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நீட்டுவாள். என் ராஜ்ஜியம் என் கைக்கு வந்துவிடும்.

இந்த நினைப்பு இனித்தது. நினைப்பை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். சரிவு வந்தது. வண்டி இழுத்தது. எதிரே ஒரு லாரி வந்தது. லாரியை யார் கூப்பிட்டார்கள்? நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. ஸ்டியரிங்கில் அவள். என் மடியில் பாப்பா, வாய் திறந்து தூங்குகிறது.

இனிப்பு நின்றுவிட்டது. சோம்பேறி, பொய்யன், வாய்ச்சவடால்காரன் என்று என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்தப் பின்னை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுக்க என்னால் முடியவில்லை.

ஸ்பேனரை எடுத்தேன். பின் லேசில் வரவில்லை. திருகித் திருகி, எண்ணெய் விட்டு, மறுபடி திருகி, ஒருவழியாக உருவினேன். ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். குழியையும் சுத்தம் செய்தேன். இனி கிரீஸ் வேண்டும், புது உறை வேண்டும். இரண்டுமே என்னிடம் இல்லை. மறுபடியும் கடைக்கா என்று சலித்துக்கொண்டு, சின்ன ஸ்பேனரைத் தேடக் கருவிப்பெட்டியின் அடித்தட்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பொட்டலம். பிரேக் கிரீஸ் ஒரு சின்ன டியூப், பின்னுக்கு மாட்டுகிற புது ரப்பர் உறை ஒரு ஜோடி. பொட்டலத்தின் மேல் மச்சானின் கட்டைவிரல் ரேகை, கறுப்பு எண்ணெயில், முத்திரை குத்தினதுபோல.

நான் திரும்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

கிரீஸ் போட்டேன். உறை மாட்டினேன். பின்னை உள்ளே விட்டுத் தள்ளினேன். வெண்ணெயில் விரல் போவதுபோலப் போனது. கவ்வி முன்னும் பின்னும் வழுக்கியது. பேட்களை மாட்டி, சக்கரத்தைப் பூட்டும் முன்னால் பிரேக் பெடலை நன்றாக மிதித்து மிதித்துக் கெட்டியாகும் வரை பார்த்தேன். அதன்பிறகு சக்கரத்தைப் பூட்டி, தெருவைச் சுற்றி மெதுவாக ஓட்டி, மிதித்து மிதித்து நிறுத்தினேன். நேராக நின்றது. கோடு போட்ட மாதிரி நின்றது. என் கையால் என் ராஜ்ஜியத்துக்கு நானே நல்லபடியாகச் சமாதி கட்டினேன்.

உள்ளே போனபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சும்மா பேட் மாட்டுற வேலைதானே."

அவள் என் கைகளைப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் கிரீஸ். சோப்பை எடுத்து நீட்டினாள். பிறகு அதே கையை விரித்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டியபடியே வைத்திருந்தாள்.

சாவியைப் போட்டேன்.

மறுநாள் விடியற்காலை அவள் வலப்பக்கம் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என் வண்டியே யாரோடதோ மாதிரி இருந்தது. கிளட்சை விட்டாள். வண்டி தூக்கிப் போடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போடவில்லை. என்னிடம் ஒரு நாளும் இவ்வளவு மரியாதையாகக் கிளம்பியதில்லை, துரோகி.

பண்ணையில் ஏற்றினோம். கடைகளில் இறக்கினோம். வழியில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"மெதுவா போ."

"மெதுவாத்தாங்க போறேன்."

"முன்னாடி பஸ் நிக்குது பாரு."

"பேசாதீங்க, பாப்பா தூங்குது."

குனிந்து பார்த்தேன். தூங்கத்தான் செய்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நேத்து உங்க கையில கிரீஸ் இல்லைன்னா இன்னைக்கு வண்டியை வெளிய எடுத்தே இருக்க மாட்டேன். ஆனா இருக்கும்னு தெரியும். நீங்க கடைக்குப் போயிருந்தப்ப அண்ணன் வந்து சக்கரத்தைப் பாத்துட்டுப் பந்தயம் கட்டினார். தோத்துட்டார்."

"என்ன பந்தயம்?"

"நீங்க பின்னைச் சரி பண்ண மாட்டீங்கன்னு."

எனக்குப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

பேக்கரி வந்தது. சரிவு வந்தது. அவள் மிதித்தாள். கீச்சும் இல்லை, கடியும் இல்லை. வண்டி வாசலுக்கு நேராக, ஒரு விரல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாமல் நின்றது. பின்னால் ஒரு முட்டைகூட முனகவில்லை.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்தார். பின்கதவைத் திறந்து அட்டை அட்டையாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஸ்டியரிங் பக்கம் பார்த்தார். என் பக்கம் பார்த்தார். என் மடியில் இருந்த பாப்பாவையும் பார்த்தார்.

"அடேங்கப்பா! நேத்து அப்படி இழுத்துச்சு, இன்னைக்கு இப்படி நிக்குது? யாரும்மா சரி பண்ணது?"

நான் வாயைத் திறந்தேன். துருவும் உப்புத்தாளும் உருவின பின்னும் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். குரலில் அப்படி ஒரு பெருமை.

"எல்லாம் இவர்தாங்க கண்டுபிடிச்சார். இவர் இடப்பக்கமும் நான் வலப்பக்கமும் உக்காந்தா பிரேக் தேயாதாம். விஞ்ஞானமாம்."

பேக்கரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அந்த வழியில் நேற்றுக் கழுவிக் காயவைத்த ஒரு பேட் குறுக்கே கிடந்தது. வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நல்ல ஏற்பாடும்மா, இனி இதை மாத்திடாதீங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர் என் பக்கத்துக் கதவைத் தட்டினார்: "கிளீனர் தம்பி, பாப்பாவை டிரைவரம்மாகிட்ட குடுத்துட்டு, இறங்கி வந்து அட்டையை இறக்கு."